கெட்ட செய்தியைக் கேட்கத் தெரிந்த என்ஜினீயர்

(நமது பகுதி நேர நிருபர்)

டோம்பிவிலியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. தகப்பனார் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கணக்கெழுதி ஓய்ந்தவர். ஒரே மகன். கம்ப்யூட்டர் என்ஜினீயர். ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. கெட்டிக்காரன் என்று பெயரெடுத்ததால் சென்ற ஆண்டு, இருபத்தொன்பது வயதிலேயே, மானேஜர் ஆக்கிவிட்டார்கள். அன்று அவனுடைய தாயார் ஒரு வீடு விடாமல் மைசூர்பாகு கொடுத்துவிட்டு வந்தார்.

ஏழு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, மானேஜர் வேலை வேண்டாம், பழைய வேலையையே குடுங்கன்னு எழுதிக் குடுத்திரலாமான்னு இருக்கு."

உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, விஷயத்தைக் கேட்டேன். அவனுக்குக் கீழே எட்டுப் பேர். அதில் மூன்று பேர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் செய்யும் வேலையில் குறை கண்டு, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் இவனே மறுபடி எழுதுகிறான். மறுநாள் காலையில் அவர்களுக்கு முகம் சுருங்கிப் போகிறது. இவனுக்குக் கண் சிவந்திருக்கிறது. கடைசியாக அவன் சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

"ஒருத்தனும் உண்மையைச் சொல்ல மாட்டேங்கான் அண்ணாச்சி. எது கேட்டாலும் முடிஞ்சுட்டு, முடிஞ்சுட்டுங்கான். கடைசி நாள் பார்த்தா ஒண்ணும் முடியலை."

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று, ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனவன் நான். என்ஜினீயர்களுக்குப் புத்தி சொல்ல இவன் யார் என்று வாசகர்களில் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் என்ஜினீயரின் அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவனுக்குச் சில விஷயங்கள் நன்றாகவே தெரியும். யார் அறையிலிருந்து ஆட்கள் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்து வருகிறேன்.

நாலு மணி நேரம்

மும்பைவாசிகளுக்கு 'மெகா பிளாக்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாதுங்காவுக்குக் கோயிலுக்குப் புறப்பட்டு, பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் நின்று, ரயில்வேக்காரனைத் திட்டாத தமிழர் இந்த ஊரில் இருக்க முடியாது. அந்த நாலைந்து மணி நேரத்தில் தண்டவாளத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் வெளியே தெரியாது.

மேல்கம்பியில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். வண்டிகளை வேறு பாதையில் திருப்புவார்கள். பழைய தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்து, புதிதாகப் போட்டு, ஜல்லி நிரப்பி, மெஷின் கொண்டு கெட்டித்து, அளந்து பார்த்து, குறித்த நேரத்தில் பாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூறு நூற்றைம்பது ஆட்கள், கிரேன், லாரிகள், சிக்னல் இலாகா, மின்சார இலாகா என்று எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். நேரம் தவறினால் ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடுவழியில் நிற்பார்கள். நிர்வாகம் என்பது என்ன என்று படிக்க விரும்புகிறவர்கள் ஒரு பிளாக் நடப்பதைப் போய்ப் பார்த்தால் போதும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீசில் ஓர் அதிகாரி இருந்தார். ஊர், பேர் வேண்டாம். படிப்பில் புலி. வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் தப்பு எங்கே என்று விரலை வைப்பார். அவரைப் போலக் கணக்குப் போடும் மனிதரை நான் இன்றுவரை கண்டதில்லை. ஆனால் யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்ல வந்தால் அவருக்குப் பொறுக்காது. "பிரச்னையைக் கொண்டு வராதே, தீர்வைக் கொண்டு வா" என்பார். ஏதோ புத்தகத்தில் படித்திருப்பார் போலிருக்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் அர்த்தம் என்ன? உன்னால் தீர்க்க முடியாத பிரச்னையாக இருந்தால் அதை என்னிடம் சொல்லாதே என்பதுதானே?

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், ஜல்லி வந்து சேரவில்லை என்று சொன்ன ஒரு சீனியர் என்ஜினீயரை இருபது பேர் முன்னிலையில் நிற்க வைத்துக் கால் மணி நேரம் பேசினார். அறையில் ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு 'பாயிண்ட்'டை அடியோடு மாற்றும் வேலை. வண்டி ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திரும்பும் இடத்தைத்தான் பாயிண்ட் என்போம். அங்கே போடும் கான்கிரீட் கட்டைகள் மற்ற இடத்தில் போடுவதைப் போல ஒரே அளவாக இரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். இருபதாம் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்தைப் போட முடியாது. துளைகளே பொருந்தாது.

வெள்ளிக்கிழமை மாலை ஜூனியர் என்ஜினீயர் கட்டைகளை எண்ணினார். இரண்டு நம்பர்கள் இரட்டையாக வந்திருந்தன. இரண்டு நம்பர்கள் வரவேயில்லை. அவருக்குத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. அதிகாரியிடம் சொல்லாமல், பக்கத்து டிப்போவில் தெரிந்த ஒருவரிடம் பேசி, ஞாயிறு காலைக்குள் அந்த இரண்டு கட்டைகளையும் வரவழைத்துவிடலாம் என்று நினைத்தார். லாரியும் ஏற்பாடு ஆயிற்று.

லாரி வரவில்லை. மூன்று மணிக்குத் திரும்பக் கொடுக்க வேண்டிய பாதையை ஐந்தே முக்காலுக்குத்தான் கொடுத்தார்கள். அதுவும் வேகக் கட்டுப்பாட்டோடு. அன்று சாயங்காலம் ஸ்டேஷன்களில் இருந்த கூட்டத்தையும், ரத்தான வண்டிகளையும் நான் விவரிக்க வேண்டாம். யாருக்கும் காயமில்லை. அது கடவுள் செயல்.

ஜூனியர் என்ஜினீயருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் கொடுக்கப்பட்டது. எஸ்.எஃப். 11 என்று அதற்குப் பெயர். டைப் அடித்தவன் நான்தான். ஓராண்டு இன்க்ரிமெண்ட் நின்றது.

இங்கே ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டைகள் வந்த சலான் வியாழக்கிழமையே என் மேசை வழியாகத்தான் போயிற்று. அதில் நம்பர் வாரியாகப் பட்டியல் இருந்தது. ஒரே நம்பர் இரண்டு முறை வந்திருந்ததைப் பார்த்தேன். ஏதோ தப்பிருக்கிறதே என்று ஒரு நிமிடம் தோன்றவும் செய்தது. குமாஸ்தாவுக்கு எதற்கு வம்பு என்று ஃபைலில் கோத்துவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. ஆனால் அந்த எஸ்.எஃப். 11-ஐ டைப் அடிக்கும்போது என் கை ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்து வந்தவர்

சில மாதத்தில் அந்த அதிகாரி வேறிடம் போனார். வந்தவர் அவ்வளவு பெரிய மேதாவி என்று சொல்ல முடியாது. கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில் மகா சோம்பல். லீவு மனுக்களை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். அதனால் நானே இரண்டு முறை அவஸ்தைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் முதலில் கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. "இந்த வாரம் எது கெடும்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்தது. அடுத்த திங்களும் அதே கேள்வி. மறுபடியும் மௌனம். அப்போது அவர், "சரி, நான் ஆரம்பிக்கிறேன். சென்ற வாரம் ஒரு வரைபடத்தைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள். திருத்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நேற்றுத்தான் பார்த்தேன். தப்பு என்னுடையது. யாராவது அதை வைத்து வேலை ஆரம்பித்திருந்தால் இப்போதே சொல்லுங்கள்" என்றார்.

மூன்றாவது திங்கட்கிழமை ஒரு முகாதம் எழுந்தார். முகாதம் என்றால் நம்மூர் மேஸ்திரி. முப்பது வருட அனுபவம் உள்ள மராட்டியர். கிரேன் போக வேண்டிய வழி மழையில் சேறாகிக் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கிரேன் இறங்கிவிடும் என்றார். அதிகாரி கோபப்படவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கவுமில்லை. "என்ன வேண்டும்?" என்று கேட்டார். இரண்டு லாரி ஜல்லித் தூள் வேண்டும் என்றார் முகாதம். புதன்கிழமை வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை அதிகாரியே அந்த வழியில் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு கூட்டம் நீண்டுகொண்டே போயிற்று. ஆளாளுக்குக் கெட்ட செய்திதான். மஞ்சள் அட்டை நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் குறித்து வைப்பது என் வேலையாயிற்று. நானும் ஒரு நாள் ஒரு சலானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று அதில் தப்பு ஏதும் இல்லை, நான்தான் தவறாகப் படித்திருந்தேன். "பரவாயில்லை, அடுத்த முறையும் கொண்டு வா" என்றார். அது போதாதா ஒரு குமாஸ்தாவுக்கு?

இவரும் ஆட்களைக் கண்டிக்காமல் இல்லை. வேலையில் அசட்டையாக இருந்தவனையும், பொய் சொன்னவனையும் விடவே மாட்டார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் கண்டிப்பார். பாராட்டுவதைப் பத்துப் பேர் நடுவில் செய்வார். தானே இறங்கி வேலை செய்யும் ஆசை அவருக்கும் உண்டு. தண்டவாளத்தின் மட்டம் பார்க்கும் கருவியைக் கண்டால் கை துறுதுறுக்கும். ஆனாலும் ஜூனியரிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "நான் பார்த்தால் பத்து நிமிடம், அவன் பார்த்தால் இருபத்தைந்து நிமிடம். ஆனால் நான் இல்லாத நாளில் யார் பார்ப்பது?" என்று என்னிடம் ஒரு முறை சொன்னார்.

பிளாக் ஆரம்பிப்பதற்கு முன்பே இன்னொன்றையும் முடிவு செய்துவிடுவார். இத்தனை மணிக்குள் பழைய பாயிண்ட் வெளியே வராவிட்டால் அன்றைக்குப் புதியதைத் தொடக் கூடாது. இருப்பதைப் பூட்டிக் கட்டிவிட்டுப் பாதையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நேரம் போகப் போக, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு இழுக்கும். அந்த இழுப்பு வருவதற்கு முன்பே, தெளிவாக இருக்கும்போதே தீர்மானித்து எழுதி வைத்துவிட வேண்டும் என்பது அவர் முறை. ஒரு ஞாயிறு அப்படியே வேலையைப் பாதியில் நிறுத்தினார். மேலிடத்தில் பேச்சு வாங்கினார். அந்தப் பேச்சு அவரோடு நின்றது. எங்களில் ஒருவர் காதுக்கும் வந்து சேரவில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது

இதை எழுதும்போது நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் பல கூட்டங்களில் சொல்லிவந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. 1979 ஆகஸ்ட் 10-ந் தேதி. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட வேண்டும். கலாம்தான் திட்ட இயக்குநர். கடைசி நேரத்தில் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டுக் கருவியில் கசிவு. கலாம் உடனிருந்த நிபுணர்களைக் கேட்டார். போதிய எரிபொருள் இருக்கிறது, போகலாம் என்றார்கள். கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டைக் கிளப்பினார். முதல் கட்டம் சரியாக வேலை செய்தது. இரண்டாவது கட்டத்தில் கோளாறு. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் கலாமைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு பேசினார். தம்முடைய விஞ்ஞானிகளுக்குத் துணை நிற்பதாகவும், அடுத்த முறை வெற்றி பெறுவார்கள் என்றும் சொன்னார். 1980 ஜூலை 18-ந் தேதி ரோகிணி செயற்கைக்கோள் வானில் ஏறியது. அன்று தவான் கலாமை அழைத்து, பத்திரிகையாளர்களை நீங்களே சந்தியுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இது தலைவனின் பெருந்தன்மைக்கு உதாரணமாகப் பள்ளிக்கூடங்களில் சொல்லப்படும் கதை. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. கலாம், கம்ப்யூட்டரை ஒதுக்கியது என் முடிவுதான் என்று பிற்காலத்தில் ஊரறியச் சொன்னாரே, அது எப்படி முடிந்தது? அன்றைக்கு அவரைத் தூக்கிப் பலி கொடுத்திருந்தால், கசிவைப் பற்றியும், யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றியும் உண்மை வெளியே வந்திருக்குமா? உண்மை வராமல் பதினோரு மாதத்தில் அடுத்த ராக்கெட் ஏறியிருக்குமா?

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவில் நடந்தது. 1986 ஜனவரி 28-ந் தேதி சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73-ஆவது வினாடியில் சிதறி, ஏழு பேர் மாண்டார்கள். அதற்கு முதல் நாள் இரவே, ராக்கெட்டைச் செய்து கொடுத்த கம்பெனியின் என்ஜினீயர்கள், இந்தக் குளிரில் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது, அனுப்ப வேண்டாம் என்று மன்றாடினார்கள். கம்பெனியின் என்ஜினீயரிங் பிரிவுத் தலைவரும் முதலில் அவர்கள் பக்கம்தான் இருந்தார். என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு மானேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று மேலதிகாரி அவரிடம் சொன்னதும் மாறிவிட்டார். விசாரணை நடத்திய ரோஜர்ஸ் கமிஷன் முன்னிலையில் இதெல்லாம் வெளிவந்தது. அங்கே கெட்ட செய்தியைச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

பாம்பனும் டெல்லியும்

ரயில்வேக்காரன் எழுதும் கட்டுரையில் இ.ஸ்ரீதரன் வராமல் இருப்பாரா? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தபோது, பாலத்தைச் சரிசெய்யும் பொறுப்பு அந்த இளம் என்ஜினீயருக்குக் கிடைத்தது. ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். அவருடைய மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். முடிந்தது 46 நாளில். கடலில் மூழ்கிய கர்டர்களையே மீட்டெடுத்து மறுபடி ஏற்றியதுதான் இதற்கு முக்கியக் காரணம். அவை கிடக்கும் இடத்தைச் சொன்னது ஒரு மீனவர் என்பார்கள். என்ஜினீயரிடம் போய்ச் சொல்லலாம், காது கொடுத்துக் கேட்பார் என்று அந்த மீனவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

அதே ஸ்ரீதரன் டெல்லி மெட்ரோவின் தலைவராக இருந்தபோது, 2009 ஜூலையில் ஜம்ருத்பூரில் கட்டுமானத்திலிருந்த பாலம் சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். அன்றே தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமாவை நீட்டினார். அரசு ஏற்காததால் நீடித்தார். ராஜினாமா செய்வது பெரிதா என்று கேட்கலாம். எந்த ஜூனியர் மீது பழியைப் போடலாம் என்று தேடுவதற்குள் தலைவரே முன்னால் வந்து நின்றுவிட்டால், கீழே இருப்பவன் ஃபைலைத் திருத்தாமல் நடந்ததைச் சொல்வான். நான் குமாஸ்தா. ஃபைல்கள் எப்போது திருத்தப்படுகின்றன என்பது எனக்குத் தெரியும்.

பாஷை

வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து வரும் என்ஜினீயர்கள் கணக்கிலும் இங்கிலீஷிலும் சூரர்கள். ஆனால் சைட்டில் நிற்கும் ஆள் பேசுவது மராட்டி, போஜ்புரி, தெலுங்கு. அதிகாரிக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் என்றால், இங்கிலீஷ் தெரிந்த இரண்டு பேர் சொல்வதுதான் அவர் காதில் விழும். மற்ற நூற்றைம்பது பேர் பார்த்தது அவருக்கு எட்டாது. நான் சொன்ன இரண்டாவது அதிகாரி நம் ஊர்க்காரர்தான். அவருடைய மராட்டியைக் கேட்டு முகாதம்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, தண்டவாளத்தில் எங்கே விரிசல் என்று சொல்வார்கள்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. மேலதிகாரி ஒருவரும் கீழே ஒருவரும் தமிழராக இருந்துவிட்டால், மூன்றாவது மனிதரை வைத்துக்கொண்டே தமிழில் பேசுவது. அந்த மூன்றாவது மனிதர் அடுத்த முறை எதையும் சொல்ல வரமாட்டார். எனக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. ஒரு தெலுங்கு நண்பர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு விட்டேன்.

இவ்வளவையும் இரண்டாவது மாடிப் பிள்ளையிடம் அன்று நான் பிரசங்கம் செய்யவில்லை. சலான் கதையை மட்டும் சொன்னேன். பிறகு, "தம்பி, உங்கிட்ட கடைசியா ஒருத்தன் வந்து, சார் இது தப்பாயிட்டுன்னு எப்ப சொன்னான்?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தான். மானேஜர் ஆன இரண்டாவது வாரத்தில் ஒரு பெண் வந்து சொன்னதாகவும், இதுகூடவா தெரியவில்லை என்று தான் கேட்டதாகவும் சொன்னான். ராஜினாமா செய்த மூவரில் அந்தப் பெண்ணும் ஒருத்தி.

காபி ஆறிவிட்டது. குடிக்காமலே மாடி ஏறிப் போனான்.

சென்ற வாரம் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். தானா போகும் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தான். செல்போனில் பேச்சு. என்னைக் கண்டதும் கையைக் காட்டிவிட்டு மறுபடி போனில் கவனமானான். அவன் பேசியது மிகவும் குறைவு. எதிர்முனையில் இருந்தவர்தான் பேசிக்கொண்டிருந்தார். வண்டி வந்து நின்றது. இவன் ஏறவில்லை.

"சரி, எப்பத் தெரிஞ்சுது?" என்று இந்தியில் கேட்டான். சிறிது நேரம் கழித்து, "என்ன வேணும்?" என்றான்.

அடுத்த வண்டி பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் இருந்தது. நான் என் வண்டியில் ஏறிவிட்டேன்.